22 பேர், நான்கு அடுப்பு, கொல்லுகிற குளிர்: என்ன சமைப்பது?

கணப்பு
வருகிற சனிக்கிழமை ராத்திரி வீட்டில் 22 பேர். அதில் 5 குழந்தைகள், 7 பேர் சைவம், ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒரு குழந்தைக்கு நிலக்கடலை முந்திரி எதுவும் வாயில் படக் கூடாது. வெளியே பல் தந்தியடிக்கிற குளிர். எல்லாரும் ஒரே நேரத்தில் வரப்போவதும் இல்லை, சிலர் ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள், தூரத்திலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஒன்பதாகும்.

போன முறை இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு ஏழு ஐட்டம் செய்தேன். அடுப்படியை விட்டு நகரவே இல்லை. பொரித்தது எல்லாம் ஆறிச் சவசவ என்று போய்விட்டது, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்பதே சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு நின்றபடியே வெறும் பிரெட்டைத் தின்றேன். இந்த முறை அது வேண்டாம்.

கையில் இருப்பது நான்கு பர்னர் அடுப்பு, சின்ன ஓவன் ஒன்று, 10 லிட்டர் பாத்திரம் ஒன்று, 6 லிட்டர் பாத்திரம் ஒன்று. வயிறு நிறைய, சுடச்சுட, தின்று முடித்ததும் போர்வை போர்த்தின மாதிரி இருக்க வேண்டும். சொல்லுங்கள்.

அரைவேக்காடு
வெளியே ஆர்டர் பண்ணிவிடுங்கள். அடுத்த கேள்வி?

கணப்பு
அதையும் பார்த்தாயிற்று தம்பி. ஒரு தடவை சொல்லி வைத்தோம், ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது, வந்தபோது சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அதைத் திரும்பச் சூடு பண்ணுகிற வேலையும் என் தலையில்தான்.

பெரியசட்டி
ஏழு ஐட்டம் என்பதில்தான் கோளாறு. குளிர்காலக் கூட்டத்துக்கு நான் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன்: இந்தச் சாப்பாடு சிறு தீயில் இரண்டு மணி நேரம் கிடந்தால் செத்துப்போகுமா, தாங்குமா? பொரித்தது, மொறுமொறு என்று சாப்பிட வேண்டியது எல்லாம் பத்து நிமிஷத்தில் போய்விடும். ஸ்டூ, கெட்டி சூப், பருப்பும் பயறும் போட்டு வேகவைத்தது, இவை தாங்கும். ஆறு மணிக்கு வந்தவனுக்கும் ஒன்பது மணிக்கு வந்தவனுக்கும் ஒரே சூட்டில் கரண்டி போடலாம்.

ஆகவே ஒரு கறி ஸ்டூ, ஒரு சைவ ஸ்டூ, தொட்டுக்கொள்ள பிரெட், கூடவே உருளைக்கிழங்கு மசியல். தீர்ந்தது. இனிப்பை யாராவது வாங்கிவரச் சொல்லுங்கள், வருகிறவர்கள் எப்படியும் "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பார்கள்.

இப்போது கணக்கு. ஸ்டூதான் முழுச் சாப்பாடு என்றால் ஆளுக்கு 400 மில்லி வையுங்கள், 22 பேருக்கு கிட்டத்தட்ட 9 லிட்டர். 10 லிட்டர் பாத்திரத்தில் 9 லிட்டர் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால் பாத்திரம், அதாவது ஏழரை லிட்டருக்கு மேல் போனால் கிண்டும்போது அடுப்பெல்லாம் வழியும். ஆகவே இரண்டு பாத்திரமும் வேண்டும், அது உங்கள் சைவம், அசைவம் கணக்குக்கும் சரியாக இருக்கும். எலும்பில்லாத கறி ஆளுக்கு 170 கிராம், 15 பேருக்கு இரண்டரை கிலோ. எலும்போடு என்றால் நாலு கிலோ வரைக்கும் போகும். மசியலுக்குக் கிழங்கு ஆளுக்கு 200 கிராம், பிரெட்டும் இருப்பதால் 150 போதும்.

கறிக் கடையில் முன்சப்பை, கால், கழுத்து கேளுங்கள். வெள்ளைச் சவ்வு ஓடுகிற கறிதான் வேண்டும். அந்தச் சவ்வில் இருப்பது கொலாஜன், மெதுவாக இரண்டரை மூன்று மணி நேரம் வெந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கே ஒரு கெட்டித்தனம் கொடுக்கும், உதட்டில் லேசாக ஒட்டும். கோழி நெஞ்சுக்கறியில் அது கிடையாது, நேரம் ஆக ஆகப் பஞ்சுதான். கூட்டத்துக்குக் கோழிதான் என்றால் தொடையோடு நில்லுங்கள். அப்புறம், தளதள என்று கொதிக்கவிடாதீர்கள். அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வந்தால் போதும். காட்டுக்கொதி கொதித்தால் கறி இறுகி நாராகும்.

ஓவன்கிளி
பெரியசட்டி அண்ணன் எப்போதும் சட்டியைத் தாண்டி வர மாட்டார் :) ஓவன் ஒன்று சும்மா இருக்கிறதே! அகலத் தட்டில் பாஸ்தாவும் சாஸும் சீஸும் அடுக்கி வேகவைத்தால் குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். மேலே பொன்னிறமாக வெந்து வெளியே வரும்போது வருகிற வாசனைக்கே வந்தவர்கள் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். ஸ்டூவை யார் போட்டோ எடுப்பார்கள்?

பெரியசட்டி
வாசனையில் உங்களோடு சண்டை இல்லை. அவர் ஓவன் சின்னது. ஒரு தட்டு போனால் எட்டுப் பேருக்கு, அடுத்த தட்டுக்கு இன்னும் 40 நிமிஷம். 9 மணிக்கு வருகிறவர்களுக்கு மூன்றாவது தட்டா? யார் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பது?

ஓவன்கிளி
சரி, அது நியாயம். ஆனால் குழந்தைகள் ஐந்து பேருக்கு மட்டும் ஒரு தட்டு போடலாமே, ஸ்டூவில் மிதக்கிற கேரட்டைப் பார்த்தாலே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற வயசு.

கணப்பு
குழந்தைகளுக்கு ஒரு தட்டு, ஒத்துக்கொள்கிறேன். சைவத்துக்கு என்ன போடுவது? ஏழு பேருக்கு 3 லிட்டர் போதும்தானே?

இலைதழை
போதாது, போதவே போதாது. முப்பது வருஷமாகச் சைவம் சாப்பிடுகிறவள் சொல்கிறேன். சைவப் பாத்திரம் எப்போதும் முதலில் காலியாகும், ஏனென்றால் கறி சாப்பிடுகிறவர்களும் "இது என்ன, கொஞ்சம் பார்ப்போமே" என்று ஒரு கரண்டி எடுப்பார்கள். கடைசியாக வருகிற சைவக்காரருக்குப் பிரெட்டும் மசியலும்தான் மிஞ்சும், நாங்களும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே அதைச் சாப்பிடுவோம். ஏழு பேர் என்றால் பன்னிரண்டு பேருக்குச் செய்யுங்கள்.

கொண்டைக்கடலையும் பூசணியும் போட்டு ஒன்று செய்யுங்கள். காய்ந்த கடலை ஒரு கிலோ, முந்தின ராத்திரியே உப்புப் போட்ட தண்ணீரில் ஊற வேண்டும். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள், ஊறும்போது உப்பு இருந்தால் தோல் மிருதுவாகத்தான் ஆகும். வேகவிடாமல் கெடுப்பது புளிப்பு. தக்காளியை முதலிலேயே கொட்டினால் மூன்று மணி நேரம் ஆனாலும் கடலை கல் மாதிரி நிற்கும். கடலை நன்றாக நசுங்குகிற பதத்துக்கு வந்த பிறகுதான் தக்காளி. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது கடினத் தண்ணீராக இருந்தால் சிட்டிகை சமையல் சோடா போடலாம், கூடினால் சோப்பு வாடை.

கெட்டிப்படுத்த மைதா வேண்டாம், கோதுமை ஆகாதவரும் சாப்பிடலாம். இரண்டு கரண்டி கடலையை எடுத்து மசித்து அதிலேயே கலக்கிவிடுங்கள், வெண்ணெய் மாதிரி வரும்.

அரைவேக்காடு
பார்லி போட்டால் இன்னும் கெட்டியாக இருக்குமே.

இலைதழை
தம்பி, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் பார்லியிலும் உண்டு. கோதுமை ஆகாதவருக்குப் போட்டு அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவா? இன்னொன்றும் கவனியுங்கள், கடையில் விற்கிற சூப் கட்டிகளின் உறையைத் திருப்பிப் படியுங்கள். சிலவற்றில் கோதுமை இருக்கும், காய்கறிப் படம் போட்டிருந்தாலும் உள்ளே கோழிக் கொழுப்பு இருப்பதும் உண்டு. எனக்கு ஒரு வீட்டில் அப்படி நடந்தது, பாதிக் கிண்ணம் முடித்த பிறகுதான் தெரிந்தது.

கணப்பு
ராஜ்மா வீட்டில் இரண்டு கிலோ கிடக்கிறது. கடலைக்குப் பதில் அதையே மின்சார ஸ்லோ குக்கரில் ராத்திரி பூரா போட்டுவிட்டுத் தூங்கிவிடலாமா? பக்கத்து வீட்டிலிருந்து குக்கர் கடன் கிடைக்கும்.

கிருமிக்கண்ணாடி
நிறுத்துங்கள்! இதற்காகத்தான் பல மாதம் கழித்து உள்ளே வருகிறேன். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்று ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் பெரும்பாலும் கொதிநிலைக்குப் போவதே இல்லை, அரைச் சூட்டில் நச்சு அப்படியே நிற்கும். சரியாக வேகாத நாலைந்து கொட்டை போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. பார்வைக்கு மெத்தென்று வெந்திருக்கும், அதுதான் மோசம்.

ராஜ்மாதான் வேண்டுமென்றால் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிஷம் தளதள என்று கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கரானால் கவலையே இல்லை. அதற்குப் பிறகு ஸ்லோ குக்கரோ எதுவோ, உங்கள் இஷ்டம்.

கணப்பு
அடேயப்பா. இத்தனை வருஷம் ராஜ்மாவைப் பிரஷர் குக்கரில் வைத்ததே தெரியாமல் செய்த நல்ல காரியம் போல. கடலையே போடுகிறேன்.

அடுத்த சந்தேகம். வெள்ளிக்கிழமையே செய்து வைத்துவிடலாமா? மறுநாள்தான் ஸ்டூ ருசிக்கும் என்கிறார்கள். ஃப்ரிட்ஜில் 10 லிட்டர் பாத்திரம் நுழையாது, ஆனால் பால்கனியே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கிறது, மூடி வைத்துவிட்டால் போதாதா?

பெரியசட்டி
முந்தின நாள் செய்வதுதான் சரி. மேலே உறைகிற கொழுப்பைக் காலையில் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம், உப்புக் காரம் கறிக்குள் இறங்கியிருக்கும். பால்கனி விஷயம் கண்ணாடியாரிடம் கேளுங்கள், எனக்கு இதில் ஒரு கசப்பான கதை உண்டு.

கிருமிக்கண்ணாடி
வெளியே குளிர்தான். பாத்திரத்தின் நடுவில் குளிர் இல்லையே! எட்டு லிட்டர் கெட்டிக் குழம்பு மூடியோடு இருந்தால் ஓரம் சில்லென்று ஆகியிருக்கும், நடுவில் விடிய விடிய வெதுவெதுப்பு போகாது. அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். கறிக் குழம்புக்கென்றே பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒன்று உண்டு, அதன் வித்து கொதித்தாலும் சாகாது, ஆறும்போது முளைத்துக் கிளம்பும். சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் வயிறு போட்டு முறுக்கும்.

செய்ய வேண்டியது இது. சுமார் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்தில் 5 டிகிரிக்கு. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள், சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் நிரப்பி அதில் தட்டை வைத்து அடிக்கடி கிண்டுங்கள். இருபது முப்பது நிமிஷத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள். மறுநாள் சூடு பண்ணும்போது நடுவிலும் 74 டிகிரி வர வேண்டும், ஆவி வந்தால் மட்டும் போதாது, குமிழி விட்டுக் கொதிக்கட்டும்.

பெரியசட்டி
என் கதை இதுதான். முதல் தடவை பெரிய கூட்டத்துக்குச் செய்தபோது, பெருமையாக முந்தின நாளே முடித்து மூடி போட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் மூடியின் அடியில் வியர்வை, பக்கத்தில் குனிந்தால் லேசான புளிச்ச வாடை. ஓரத்தில் விரலை வைத்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி. கரண்டியை அடிவரை விட்டுத் தொட்டுப் பார்த்தால் இன்னும் இளஞ்சூடு. மூன்று கிலோ கறி. மனசே வரவில்லை, ஆனாலும் கொட்டினேன். அன்றைக்கு எல்லாருக்கும் முட்டையும் பிரெட்டும். என் மாமா இன்றுவரை என்னை முட்டைக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்.

அரைவேக்காடு
முட்டைக்காரன் அண்ணே வணக்கம்.

பெரியசட்டி
வேலையைப் பாரடா.

கணப்பு, இன்னும் இரண்டு விஷயம், முக்கியமானது. ஒன்று, கறியை வதக்குவது. இரண்டரை கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளுத்துப்போய் வேகும், சிவக்காது. அகலச் சட்டியில் ஒரு தடவைக்கு அரைக் கிலோ, ஈரத்தைத் துடைத்துவிட்டு, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுப் போடுங்கள். போட்டதும் நோண்டாதீர்கள், தானாகச் சட்டியை விட்டு வரும்வரை விடுங்கள். ஐந்து ஈடு, முக்கால் மணி நேரம் பிடிக்கும், பாட்டு போட்டுக்கொண்டு செய்யுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பாருங்கள், அதில்தான் ருசி முழுவதும் இருக்கிறது, அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். வெங்காயத்தைப் போட்டால் அதன் ஈரத்திலேயே இளகி வரும், மரக்கரண்டியால் சுரண்டினால் மொத்தமும் வெங்காயத்தில் ஏறிவிடும். அடி கறுத்திருந்தால் மட்டும் கழுவிவிடுங்கள், கசக்கும்.

இரண்டாவது, நாலு பேர் சமையல் குறிப்பை அப்படியே நாலு மடங்காக்காதீர்கள். கறியும் காயும் நாலு மடங்கு, சரி. தண்ணீர் மூன்று மடங்கில் ஆரம்பியுங்கள். பாத்திரம் பெரிதானாலும் வாய் அந்த அளவுக்கு அகலமாவதில்லை, ஆவியாகிப் போவது குறைவு. மிளகு, மிளகாய், பட்டை, கிராம்பு எல்லாம் முதலில் பாதி, கடைசியில் ருசி பார்த்து மீதி. உப்பும் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும். கூடிவிட்டால் முழு உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள், கிழங்கு உறிஞ்சுவது குழம்பைத்தான், உப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க அதற்குத் தெரியாது. உப்பில்லாத தண்ணீரோ வேகவைத்த காயோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் ஒரே வழி.

ஓவன்கிளி
மசியலுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸியில் போட்டு அரைக்காதீர்கள் அக்கா, பசை மாதிரி இழுக்கும், போஸ்டர் ஒட்டலாம். கையாலேயே மசியுங்கள், பாலையும் வெண்ணெயையும் சூடாக்கி ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் மசியல் பாத்திரத்தை மூடிவைத்தால் இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கும். கிண்ணங்களை வெறும் சூடு காட்டிய ஓவனில் பத்து நிமிஷம் வையுங்கள். குளிரில் பீங்கான் கிண்ணம் ஐஸ் மாதிரி இருக்கும், நீங்கள் எவ்வளவு சூடாக ஊற்றினாலும் மேஜைக்குப் போவதற்குள் அந்தச் சூட்டைக் குடித்துவிடும்.

வாசலோரம்
புதியவன். அடுப்பு போதாமல் நாங்கள் ஒரு தடவை இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில், ரூம் ஹீட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினோம். விருந்து நடுவில் வீடே இருட்டு, ஒயர் தொட்டால் சுட்டது. ஹீட்டரை மட்டுமாவது சுவர் சாக்கெட்டில் நேராகச் சொருகுங்கள்.

கிருமிக்கண்ணாடி
நல்ல வேளை, இருட்டோடு போனது. கெட்டிலும் இண்டக்ஷனும்கூட எக்ஸ்டென்ஷனில் வேண்டாம், எல்லாமே நிறைய மின்சாரம் இழுப்பவை.

கணப்பு
வெள்ளி ராத்திரி 11.40. கறி ஸ்டூ முடிந்தது, தட்டுகளில் ஆறிக்கொண்டிருக்கிறது, சிங்க் பூரா ஐஸ். வதக்க 50 நிமிஷம் ஆனது, பெரியசட்டி ஐந்து நிமிஷம் குறைத்துச் சொல்லிவிட்டார். கடலை ஊறுகிறது. வீடெல்லாம் வாசனை, கணவர் இரண்டு தடவை "ருசி பார்க்கிறேன்" என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

இலைதழை
மூன்றாவது தடவை வந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், வர மாட்டார்.

கணப்பு
ஞாயிறு காலை. முடிந்தது! வந்தவர்கள் கடைசியில் 24 பேர், இரண்டு பேர் சொல்லாமல் கூடவே வந்துவிட்டார்கள், இருந்தும் போதியது.

நன்றாகப் போனது எது என்றால், ஐந்து மணிக்கு இரண்டு பாத்திரத்தையும் ஏற்றினேன். பெரியது கொதிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, நல்ல வேளை முன்னாடியே வைத்தேன். அப்புறம் சிறு தீ, பக்கத்தில் கரண்டி, சூடான கிண்ணங்கள், அவரவர் போட்டுக்கொண்டார்கள். ஒன்பதே காலுக்கு வந்தவர்கள் கை விறைத்துப்போய் உள்ளே வந்தார்கள். ஒருவர் ஸ்பூனைத் தொடவே இல்லை, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆவியில் முகத்தைக் காட்டியபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளை. நானும் எட்டு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட்டேன், சுடச்சுட.

இலைதழை அக்கா சொன்னது அப்படியே நடந்தது, சைவப் பாத்திரம்தான் முதலில் தீர்ந்தது. கறி ஸ்டூ ஒன்றரை லிட்டர் மிஞ்சி ஃப்ரீசரில் இருக்கிறது. குழந்தைகள் பாஸ்தாவை மேல் சீஸை மட்டும் உரித்துத் தின்றன, அதை எங்கே போய்ச் சொல்வது.

கெட்டது ஒன்றுதான். எட்டரைக்கு மேல் கடலைப் பாத்திரத்தை யாரும் கிண்டவில்லை, அரட்டையில் நானும் மறந்துவிட்டேன். அடிப்பிடித்த வாடை வந்ததும் சுரண்டாமல் மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றியதால் ருசிக்குத் தப்பியது. இப்போது அந்த 6 லிட்டர் பாத்திரத்தின் அடியில் கருப்பாக ஒரு தோசை மாதிரி ஒட்டியிருக்கிறது. ராத்திரி பூரா ஊறியும் அசையவில்லை. என்ன செய்யலாம்?

பெரியசட்டி
என்ன பாத்திரம்? எவர்சில்வரா, அலுமினியமா?

கணப்பு
எவர்சில்வர்.

பெரியசட்டி
அப்படியானால் அடி மூழ்கத் தண்ணீர், இரண்டு மூன்று ஸ்பூன் சமையல் சோடா, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு அப்படியே ஆறட்டும். மரக்கரண்டியால் ஓரத்தில் நெம்புங்கள், ஏடு ஏடாக வரும். கம்பி நாரை மட்டும் எடுக்காதீர்கள்.

அரைவேக்காடு
அந்த ஒன்றரை லிட்டரைக் கொட்டிவிடாதீர்கள் அக்கா, புதன்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன்.